பிரிட்டனின் வாசல் நகர்ந்த கதை

1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் ‘நெவாஸா’ கப்பலில் ஏறினார் கணித மேதை ராமானுஜன். ஏப்ரல் 14-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்துக்கு முன்னால் அவரை இழுத்துப் பிடித்தவை என்னென்ன என்று நமக்குத் தெரியும்: கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரம், அம்மாவின் சம்மதம், சாப்பாட்டுக் கவலை, குடுமி. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று, போகும் நாட்டின் அனுமதி. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போக அப்போது பாஸ்போர்ட்கூடக் கட்டாயமில்லை. விசா என்ற பேச்சே கிடையாது.

அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. போர்க்கால ஏற்பாடாக வந்த பாஸ்போர்ட், போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1919-இல் நோயாளியாக ஊர் திரும்பியபோது ராமானுஜனிடம் பாஸ்போர்ட் இருந்தது. இன்று எங்கும் நாம் காணும் அவர் முகம், அதில் ஒட்டியிருந்த படம்தான். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் 1936-இல் ஊருக்கு வந்தபோது, திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் வசித்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் பிடித்து அந்தப் பாஸ்போர்ட்டைக் கண்டெடுத்தார். பிறகு கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டியின் புத்தகத்தில் படம் அச்சேறியது. எல்லைக் கெடுபிடி உலகத்துக்குச் செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்று கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்த சென்னை மாணவருக்கு ஆசாரத் தடை பெரும்பாலும் இல்லை. அம்மாதான் முதலில் சம்மதிக்கிறார். ஆனால் பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கை எண் வேண்டும். காசநோய் இல்லை என்று அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சான்று வாங்க வேண்டும். தேவையான பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இருபத்தேழாம் நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. 2025 ஏப்ரலில் மாணவர் விசாக் கட்டணம் 524 பவுண்டு. அதற்கு மேல் மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு அளித்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுண்டு. அன்றைய பவுண்டின் கனம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் ஒரு மேதை இங்கிலாந்தில் குடித்தனம் நடத்தினார்.

அன்று கடலில் நான்கு வாரம். இன்று சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர் விமானத்தில் ஏறக்குறைய பதினொரு மணி நேரம். வருகையாளர் விசாவுக்கு வழக்கமான காத்திருப்பு மூன்று வாரம். கூட்டிக் கழித்தால் பயணத்தின் நீளம் அவ்வளவாகக் குறைந்துவிடவில்லை. அலையில் கழிந்த நாட்கள் இப்போது விண்ணப்பத்தில் கழிகின்றன.

சுதந்திரத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் பிரிட்டனின் கதவு திறந்தே கிடந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1948-இல் இயற்றி 1949 ஜனவரி முதல் அமலுக்கு வந்த பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், காமன்வெல்த் குடிமக்கள் எல்லாரையும் பிரிட்டிஷ் பிரஜைகளாகவே கருதியது. இந்தியரும் இலங்கையரும் அங்கே போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம், வாக்களிக்கவும் செய்யலாம்.

அந்த நாட்களில் பூட்டு இருந்தது நம் பக்கத்தில். பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் இந்திய அரசின் விருப்பம். கேட்டுப் பெறும் உரிமையாக அது இருக்கவில்லை. சத்வந்த் சிங் ஸாஹ்னி என்ற தொழிலதிபர் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. பாஸ்போர்ட் கிடைத்தாலும் ரிசர்வ் வங்கியின் பயண அனுமதியான ‘பி ஃபார்ம்’ பாக்கி. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் நாடு தவித்த அறுபதுகளில், மூன்றே பவுண்டோடு லண்டனில் இறங்கியதை அந்தத் தலைமுறையினர் பெருமையாகவும் சிரிப்பாகவும் சொல்வார்கள். இப்போது ஓர் இந்தியர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். தட்கலில் பாஸ்போர்ட் சில நாட்களில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அன்று பிரிட்டன் வரவேற்றது, இந்தியா பிடித்துவைத்தது. இன்று இந்தியா தாராளமாக வழியனுப்புகிறது.

பிரிட்டன் கதவைச் சாத்தத் தொடங்கியது 1962 ஜூலை முதல் தேதி. காமன்வெல்த்திலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு ‘வவுச்சர்’ வேண்டும் என்றது புதிய சட்டம். 1965-இல் அந்த வவுச்சர்கள் ஆண்டுக்கு 8,500 என்று சுருங்கின. 1968-இல் கென்யாவை விட்டுப் புறப்பட்ட இந்திய வம்சாவளியினரைத் தடுக்க, மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. அவர்கள் கையில் இருந்ததோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பிறகு 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்தது. அது அமலுக்கு வந்த நாள் 1973 ஜனவரி 1. பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த நாளும் அதுவே. பழைய சாம்ராஜ்யத்து மனிதர் வரிசையில் நிற்க, இத்தாலியரும் ஜெர்மானியரும் வேலை தேடி உள்ளே போனார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், உறவினரைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ போகும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் எழுபதுகளில் விசா தேவைப்படவில்லை. டிக்கெட் எடுத்து ஹீத்ரோவின் மூன்றாம் முனையத்தில் இறங்கி, சிறிய தரையிறங்கு அட்டையை நிரப்பிக்கொண்டு மேசை முன்னால் நின்றால் போதும். எதற்கு வந்தீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள்? கேட்பவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். மகன் வெளியே காத்திருக்கிறான் என்றால் அவனையும் கூப்பிட்டுக் கேட்பார். மனம் ஒப்பினால் ஒரு முத்திரை: ஆறு மாதம் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. பக்கத்திலேயே சதுரக் கட்டத்துக்குள் தேதி, அதிகாரியின் எண், ஹீத்ரோ, அடைப்புக்குறிக்குள் முனையத்தின் எண். முடிவைச் சொன்னவர் இன்னார் என்பதற்கு ஓர் எண்ணாவது மையில் மிஞ்சியது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும் ஆசை எனக்கில்லை. ஒரு மனிதரின் மனப்போக்கை நம்பி ஐயாயிரம் மைல் பறந்து போவது சூதாட்டம்தான். ஒப்பவில்லை என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். டிக்கெட்டுக்கு அடகு வைத்த நகை போனது போனதுதான். அதைவிடக் கேவலமும் நடந்தது. 1979 ஜனவரியில், நிச்சயிக்கப்பட்டவரை மணக்க இந்தியாவிலிருந்து வந்த 35 வயது ஆசிரியையை ஹீத்ரோவில் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். ‘கார்டியன்’ நாளிதழ் அடுத்த மாதம் அதை வெளியிட, அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் பல பெண்களுக்கு இதே சோதனை நடந்தது என்று பிற்பாடு ஆவணங்கள் வெளியே வந்தபோது தெரிந்தது. முகம் பார்த்துப் பேசிய அந்த மேசைக்கு இப்படியும் ஒரு பக்கம் இருந்தது.

அந்த மேசையை மாற்றியது எண்பதுகள். முதல் அடி இந்தியாவுடையது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்: பஞ்சாப் கொந்தளித்த 1984-இல், அதுவரை விசா இல்லாமல் வந்துபோன பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தியா விசாவைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் பிரிட்டன் தன் பங்குக்கு இலங்கையருக்கு விசா விதித்தது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மக்களுக்கு பிரிட்டன் இப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் உயிருக்குப் பயந்து வந்துகொண்டிருந்தார்கள். விதி அவர்களைக் கருதித்தான். அகதி விசா என்று ஒன்று கிடையாது. அடைக்கலம் கேட்க பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தாக வேண்டும். கால் வைக்க விசா வேண்டும். நான் அகதி என்று உண்மையைச் சொன்னால் விசா கிடைக்காது. இந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

1986 அக்டோபர் நடுவில் இந்தியாவின் முறை வந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், கானா, நைஜீரியா ஆகியவையும் அறிவிப்பில் இருந்தன. கடைசி நாட்களில் கிடைத்த விமானத்தில் ஏறி வந்தவர்களால் ஹீத்ரோவின் மூன்றாம் முனையம் திணறியது. நூற்றுக்கணக்கானோர் விசாரணைக்காகக் காத்துக் கிடந்தார்கள், பலர் குழந்தைகளோடு. சில பத்திரிகைகளுக்கு அது வெள்ளமாகத் தெரிந்தது.

1987 பிப்ரவரியில் அதே விமான நிலையத்தில் சுமார் அறுபது பேரைத் திருப்பி அனுப்ப முனைந்தார்கள். அநேகமாக எல்லாரும் இலங்கைத் தமிழர்கள். அவர்களில் சிலர் ஓடுதளத்திலேயே உள்ளாடையோடு நின்று விமானத்தில் ஏற மறுத்தார்கள். நீதிமன்றத் தடை வந்து அவர்களைக் காப்பாற்றியது. அரசு கற்றுக்கொண்ட பாடம் வேறு. உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் அவரை ஏற்றிவந்த நிறுவனம் 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும் என்று அந்த ஆண்டே சட்டம் செய்தது; 1991-இல் அது 2,000 ஆயிற்று. தமிழர்கள் பலரை அடைத்துவைத்திருந்த ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பல், 1987 அக்டோபர் புயலில் ஹார்விச் துறைமுகக் கட்டை அறுத்துக்கொண்டு போய்த் தரை தட்டியது. அதோடு அந்த மிதக்கும் சிறை மூடப்பட்டது. அபராதச் சட்டம் தரை தட்டவில்லை. மீனம்பாக்கத்திலும் கட்டுநாயக்கவிலும் போர்டிங் கார்டு கொடுக்கும் பெண் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அந்தச் சட்டத்தால்தான். சம்பளம் விமான நிறுவனம் கொடுப்பது, வேலை பிரிட்டிஷ் அரசாங்கத்தினுடையது.

வாசல் இப்படித்தான் ஹீத்ரோவை விட்டு நம் ஊருக்கு நகர்ந்தது. முதலில் நுங்கம்பாக்கம் ஆண்டர்சன் சாலையில் துணைத் தூதரகத்தின் முன்னால் வரிசையாக நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நேர்காணல் செய்பவர் இருந்தார். பதில் பிடிக்காவிட்டால் இன்னொரு காகிதத்தை எடுத்துக் காட்டலாம். பிறகு விண்ணப்பம் வாங்கும் வேலை தனியார் மையங்களுக்குப் போனது. 2008-க்குள் பத்து விரல் ரேகையும் முகப்படமும் உலகெங்கும் கட்டாயமாயின. இப்போது மையத்தில் இருப்பவர் ரேகை எடுப்பார், படம் பிடிப்பார், நல்லபடியாகப் பேசுவார். முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. முடிவு செய்பவர் எங்கோ ஒரு திரைக்கு முன்னால் இருக்கிறார். நாற்பது ஆண்டு கரண்டியும் களைக்கொத்தும் பிடித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். ‘இன்னும் கொஞ்சம் அழுத்துங்கம்மா’ என்று மறுபடி மறுபடி வைக்கச் சொல்வார்கள்.

விண்ணப்பம் முழுவதும் இணையத்தில். மகளின் பிரசவத்துக்குப் போகும் அறுபத்தைந்து வயது அம்மா, காலமாகிவிட்ட தன் பெற்றோரின் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும். பத்தாண்டுப் பயண விவரம், மாதச் செலவு, ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம், ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் ஏற்ற வேண்டும். போர்க்குற்றம், இனப்படுகொலை, பயங்கரவாதம் ஆகியவற்றில் பங்கெடுத்ததுண்டா என்ற கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று வரிசையாக டிக் அடிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். போன மாதம் திடீரென்று விழுந்த நான்கு லட்சம், இல்லாத பணத்தைவிடச் சந்தேகத்துக்குரியது. மூன்று பவுண்டுக்கு மேல் எடுத்துப் போகாதே என்று சொன்ன காலத்தில் புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இருக்கும் பணத்தை எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுப்புக் கடிதம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: வருகை முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லை. கட்டிய பணம் திரும்பாது. ஆறு மாத வருகையாளர் விசாவுக்கு 2025 ஏப்ரலில் அது 127 பவுண்டு. வருகையாளரின் மேல்முறையீட்டு உரிமையை 1993-இல் எடுத்தார்கள். குடும்பத்தைப் பார்க்க வருபவர்களுக்கு மட்டும் 2000-இல் திருப்பிக் கொடுத்து, 2013-இல் மறுபடி எடுத்தார்கள். அதே ஆண்டில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஆறு நாட்டு வருகையாளர்களிடம் 3,000 பவுண்டு பிணைத்தொகை வாங்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. எதிர்ப்பு வரவே நவம்பரில் கைவிட்டார்கள். மறுக்கப்பட்டவர் இன்று செய்யக்கூடியது பெரும்பாலும் மறுபடி பணம் கட்டி மறுபடி விண்ணப்பிப்பதுதான்.

லாபமே இல்லை என்று சொன்னால் அது நியாயமல்ல. முடிவு தெரிந்த பிறகுதான் இப்போது விமானம் ஏறுகிறோம். ஹீத்ரோ வரை போய் அழுதுகொண்டு திரும்புபவர்கள் அபூர்வம். ஒழுங்காகப் போய்வந்த சரித்திரம் உள்ளவருக்குப் பத்தாண்டு விசா கிடைக்கலாம். அது இருந்தால் பேரன் பிறந்தாலும் சம்பந்தி இறந்தாலும் அன்று மாலையே கிளம்பலாம். அவசரமென்றால் கூடுதலாக 500 பவுண்டு கட்டி ஐந்து வேலை நாளில் பதில் வாங்கவும் வழி உண்டு. எந்த ஆவணம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்படி இணையத்தில் கிடக்கிறது. அதிகாரியின் முகச்சுளிப்பு இல்லை. கேவலமான கேள்வியைக் கேட்க எதிரில் ஆள் இல்லை. எடுத்துச் சொல்லிப் புரியவைக்கவும் ஆள் இல்லை.

எந்தக் காகிதமும் தேவைப்படாத காலத்தில் போனவர்களையும் இந்த மாற்றம் விட்டுவைக்கவில்லை. 1973-க்கு முன் கரீபியத் தீவுகளிலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் சென்று, அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, ஓய்வு பெற்றவர்களை, தங்கும் உரிமைக்குச் சான்று எங்கே என்று அரசு கேட்கத் தொடங்கியது. வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். 2018-இல் ‘விண்ட்ரஷ்’ விவகாரமாக அது வெடித்தபோது, அவர்கள் வந்து இறங்கிய நாளுக்குச் சாட்சியாக இருந்திருக்கக்கூடிய பழைய தரையிறங்கு அட்டைகளை உள்துறை 2010-இல் அழித்துவிட்டது என்பதும் தெரியவந்தது. அந்த அட்டையே 2019 மே மாதத்தோடு வழக்கொழிந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவும் இப்போது கணினிப் பதிவாக மாறிவருகிறது. படித்த மாணவர்கள் கைப்பேசியிலேயே காட்டிவிடுகிறார்கள், பெற்றோர் அதையும் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.

1973-இல் முன் வரிசைக்குப் போன ஐரோப்பியரின் சலுகையும் நிலைக்கவில்லை. 2020 டிசம்பரோடு அவர்களுடைய தடையற்ற போக்குவரத்து முடிந்தது. 2025 ஏப்ரல் 2 முதல் பாரிஸ்காரரும் பெர்லின்காரரும் இணையத்தில் முன் அனுமதி பெற்றுத்தான் லண்டனுக்குப் போக முடியும். அந்த மாதமே கட்டணம் 10 பவுண்டிலிருந்து 16-க்கு உயர்ந்தது.

லண்டனில் ஒரு தமிழ்க் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் சித்தப்பாவும், யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் குடியேறிய மாமாவும் கைப்பேசியில் முன் அனுமதி வாங்கிக்கொண்டு, ஹீத்ரோவில் தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு நடப்பார்கள். பினாங்குப் பெரியம்மாவுக்கும் அதே முன் அனுமதிதான். ஆனால் அவர் அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போகிற தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் ரேகை, படம், பத்திரம், வங்கிக் கணக்கு. கல்யாணப் பத்திரிகையையும் ஸ்கேன் செய்து ஏற்றியாக வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. பதில் வர மூன்று வாரம் ஆகும். மறுத்தால் இன்னொரு முறை போட இன்னொரு மூன்று வாரம். ஆகவே பத்திரிகையை முன்கூட்டியே அடித்துவிடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு நாள் குறிக்க உட்காரும்போது பஞ்சாங்கத்தோடு இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்கிறார்கள்.